ரோஸ் ஏரிக்கு எது எளிய போர்டேஜ்: படிக்கட்டா, பழைய ரயில் பாதையா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகிழக்குக் கோடியில், கனடா எல்லையை ஒட்டிய பவுண்டரி வாட்டர்ஸ் காட்டுக்குள் ஏரிக்கு ஏரி சாலை கிடையாது. தண்ணீர் முடிகிற இடத்தில் இறங்கி, கேனோ எனும் ஒடுங்கிய துடுப்புப் படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றி, மூட்டைகளையும் சுமந்து அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். அந்த நடைவழிக்குப் பெயர்தான் போர்டேஜ். தூரத்தை இன்றும் 'ராட்' கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கேனோவின் நீளம். 320 ராட் சேர்ந்தால் ஒரு மைல்.

வெஸ்ட் பேர்ஸ்கின் ஏரியிலிருந்து எல்லையோர ரோஸ் ஏரிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று டங்கன் ஏரி வழி. முதலில் சுமார் 75 ராட் நடை, பிறகு டங்கனிலிருந்து ரோஸுக்கு 80 ராட் அளவில் 'ஸ்டேர்வே போர்டேஜ்'. பெயரே சொல்வதுபோல் செங்குத்தான சரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட மரப்படிகள், பக்கத்திலேயே ரோஸ் அருவி. மற்றொன்று டேனியல்ஸ் ஏரி வழி. அங்கே முதல் நடை சுமார் 60 ராட்தான். ஆனால் டேனியல்ஸிலிருந்து ரோஸுக்குப் போகும் 'லாங் போர்டேஜ்' 500 ராடுக்கும் மேல், அதாவது ஒன்றரை மைலைத் தாண்டும். மரம் வெட்டிய காலத்து ரயில் தடத்தில் போவதால் ஏற்றமோ இறக்கமோ பெரிதாக இல்லை.

வரைபடத்தை விரித்துப் பார்க்கிற எவருக்கும் சமதளத்தின் மேல்தான் ஆசை வரும். எனக்கும் வந்தது. "சமதளம்தானே, பேசிக்கொண்டே நடந்துவிடலாம்" என்று முதல் பயணத்தில் டேனியல்ஸ் வழியைத்தான் தேர்ந்தெடுத்தேன். கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. தோள்தான் தாங்கவில்லை. கேனோவின் நடுவில் குறுக்கே இருக்கும் நுகத்தடி முதல் சில நிமிடங்களில் மெத்தென்றுதான் இருக்கும். கால் மணி நேரம் ஆனதும் எலும்பில் அழுந்தத் தொடங்கும். கவிழ்த்த கேனோவுக்குள் கொசுக்கள் வந்து அடைந்துகொள்ளும், விரட்டக் கை இருக்காது. கவையுள்ள மரம் கிடைத்தால் முன்முனையை அதில் சாய்த்து மூச்சு வாங்கலாம். ஆனால் தேவைப்படும் நேரத்தில் அப்படி ஒரு மரம் கண்ணில் படுவதே இல்லை.

இன்னொரு கணக்கையும் நான் அப்போது போடவில்லை. எல்லாச் சுமையையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாதவர்கள் போய், திரும்பி வந்து, மறுபடி போக வேண்டும். தூரம் மூன்று மடங்காகிவிடும். டங்கன் வழியில் இரண்டு போர்டேஜும் சேர்ந்து 155 ராட், ஏறக்குறைய 780 மீட்டர். மும்மடங்கானாலும் இரண்டரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். டேனியல்ஸ் வழியில் அதே வேலை எட்டுக் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஒரு மதியப் பொழுது முழுவதும் அதற்கே போய்விடும்.

அதற்காகப் படிக்கட்டு சுகமான வழி என்று சொல்லமாட்டேன். இறங்கும்போது கேனோவைக் கிடைமட்டமாகப் பிடித்தால் பின்முனை மேல்படியில் 'டொக்'கென்று இடித்து ஆளை முன்னே தள்ளும். எனவே முன்முனையைத் தாழ்த்திச் சரிவுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். தாழ்த்தினால் எதிரே வழி தெரியாது, சொந்தக் காலடியும் அதற்குக் கீழே ஒரு படியும் மட்டும் தெரியும். நாங்கள் கண்டுகொண்ட வழி இது: சுமையில்லாத ஒருவர் நாலு படி முன்னால் இறங்கி, "வளைவு", "ஈரம்", "படி உயரம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார். அவசரமே கூடாது. மழை பெய்து மரப்படி நனைந்திருந்தால், காய்கிற வரை மேலேயே உட்கார்ந்து அருவியைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

கேனோவின் எடையும் முடிவை மாற்றும். கெவ்லார் என்ற இலேசான செயற்கை இழையில் செய்த பதினேழு அடி கேனோ சுமார் 19 கிலோ, அதே நீள அலுமினியம் 30 கிலோவுக்கும் மேல். அலுமினியத்தைச் சுமந்து லாங் போர்டேஜ் போவதாக யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவேன். சக்கர வண்டியில் வைத்து இழுக்கலாமே என்றால், அங்கே அதற்கும் அனுமதி இல்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. கன்ஃபிளின்ட் ஏரியில் தொடங்கி, நார்த் ஏரி, சவுத் ஏரி, குட்டியான ரேட் (Rat) ஏரி என்று எல்லை நெடுகத் துடுப்புப் போட்டு வருவது. லாங் போர்டேஜ்போல நீண்ட நடை எதுவும் இல்லை, ரேட் ஏரியிலிருந்து ரோஸுக்கு நாலைந்து ராட்தான். நார்த், சவுத் ஏரிகளுக்கு இடையிலான 80 ராட் மேட்டில் நின்றால் ஒரு பக்கத்துத் தண்ணீர் ஹட்சன் விரிகுடாவுக்கும் மறுபக்கத்துத் தண்ணீர் சுப்பீரியர் ஏரிக்கும் போகிறது. அதைக் காண்பதற்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் ரோஸ் ஏரிக்கு அது பெரிய சுற்று, எதிர்க்காற்று அடித்தால் நாளே போய்விடும்.

என் தேர்வு டங்கன் வழிதான், போகவும் வரவும். முழங்கால் வலி உள்ளவர் குழுவில் இருந்தால் மட்டும், சுமையை ஒரே நடைக்குள் அடக்கிக்கொண்டு டேனியல்ஸ் வழியாகப் போங்கள். சுமையோடு படி இறங்குவதுதான் முழங்காலை வாட்டும், அவருக்குச் சமதளம் நீண்டாலும் பரவாயில்லை. இதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்குவதற்கான அனுமதிச் சீட்டை நுழைவிடம் வாரியாகத்தான் தருகிறார்கள், டங்கனும் டேனியல்ஸும் தனித்தனி நுழைவிடங்கள். டங்கனுக்கு வாங்கிய சீட்டோடு கரையில் நின்று மனம் மாறி டேனியல்ஸ் பக்கம் திரும்ப முடியாது.