ரங்கூன் மல்லிக் கன்று: 700 ரூபாய்க்குப் பெறுமதியா?

பெறுமதிதான், மதிலும் வெயிலும் இருந்தால். சாடியில் வைக்க என்றால் வேண்டாம். இது மரக்கொடி, ஏற இடம் கிடைத்தால் எட்டு மீற்றருக்கு மேலும் போகும்.

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு பூங்கன்றுக் கடையில் எடுத்தேன். கன்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை; இலை சுத்தம், தண்டு உறுதி. கடைக்காரத் தம்பி சொன்ன கதைதான் சரியில்லை. "அண்ணை, இது மூண்டு கலர் ஒட்டினது, அதான் விலை கூட" என்றார். ஒட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரே பூதான் நிறம் மாறுகிறது. செக்கல் நேரத்தில் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸ், அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரு கொத்தில் மூன்று வயதுப் பூக்களும் ஒன்றாக நிற்பதால் மூன்று நிறம்.

ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள். ஐந்து இதழுக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு மெல்லிய பச்சைக் குழல் இருக்கும். பார்த்தால் காம்பு மாதிரி. தேன் அதன் அடியில். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய அந்துப்பூச்சிகளுக்குத்தான் அவ்வளவு ஆழம் எட்டும், அவை வருவதோ இரவில். வெள்ளையும் அந்த வாசமும் அவற்றுக்காகத்தான். சிவக்கச் சிவக்கப் பூ தலை தொங்கிவிடும். பகலில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வருகின்றன. மருது, கடுக்காய் எல்லாம் இதன் குடும்பம் என்றால் நம்பக் கஷ்டம்தான்.

"முள்ளில்லை" என்று அந்தத் தம்பி சொன்னதும் அரைவாசிதான் உண்மை. இலை விழுந்தாலும் காம்பின் அடி தண்டிலேயே நின்று காய்ந்து முள்ளாகிறது. வெறுங்கையால் இழுத்தால் கீறும். ஒழுங்கைப் பக்கம் தொங்கவிட்டால் சைக்கிளில் போகிறவர்களிடம் பேச்சு வாங்குவீர்கள்.

நட்ட புதிதில் பற்றை போலத்தான் நின்றது. மாரி மழைக்குப் பிறகுதான் ஒரு தண்டு நீண்டு பிடிக்க இடம் தேடியது. பற்றிக்கொள்ளச் சுருள் கம்பி கிடையாது, நாம்தான் கட்டிவிட வேண்டும். தடியில் கட்டினால் சோளகக் காற்றுக்குச் சரிந்துவிடும். இரும்புக் குழாய் போடுங்கள். பூப்பது புதுத் தளிரில் என்பதால் பூத்து முடிந்ததும் தாராளமாக வெட்டலாம்.

அடுக்குப் பூ இனமும் அங்கே இருக்கிறது, விலை இன்னும் கூட. எனக்கு ஒற்றைப் பூவே போதும். போனால் பூத்து நிற்கும் கன்றாகக் கேட்டு எடுங்கள், "ஒட்டு" என்று ஆரம்பித்தால் நூறு ரூபாய் குறைத்துக் கேளுங்கள்.