மார்கழியில் மக்கர் செய்த அம்பாசிடர்

பிள்ளையார் நோன்புக்காக டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து பள்ளத்தூர் போயிருந்தோம். அப்பச்சியின் பழைய டீசல் அம்பாசிடர் இன்னும் ஓடுகிறது. (சிங்கப்பூரில் 10 வருடம் முடிந்தால் சிஓஇ என்கிற வண்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைக் கழித்துவிட வேண்டியதுதான்.) பகலில் சட்டென்று கிளம்புகிற வண்டி, விடியற்காலையில் பிள்ளையார்பட்டிக்குப் புறப்படலாமென்றால் சுற்றுமே தவிரப் பிடிக்காது, பிடித்தாலும் தெருவெல்லாம் வெள்ளைப் புகை.

காரைக்குடியில் முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் எதையும் சோதிக்காமலே பேட்டரி போச்சு என்றார்கள். 6,500 ரூபாய். மறுநாள் இன்னும் வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் புதுவயல் ரோட்டில் வேப்பமரத்தடியில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். "பகல்ல எடுக்குதுல்ல? அப்ப ஹீட்டர் பிளக்குதான் தம்பி" என்றார். இந்த ஊர் வெயிலுக்கு ஹீட்டரா என்று கேட்டேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, காற்று நசுங்கிச் சூடேறித்தான் டீசல் பற்ற வேண்டும், இந்தப் பழைய எஞ்சினில் அது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் உள்ள ஒரு சின்ன அறையில் நடக்கிறது, ராத்திரி ஆறிக் கிடந்த இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும், அதற்குப் பனிமலையெல்லாம் வேண்டாம், மார்கழி விடியலே போதும், கிளப்புமுன் அந்த அறையைச் சூடாக்கத்தான் இந்த பிளக் என்று விளக்கினார். வயரைக் கழற்றி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் லைட்டை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தார். லைட் எரிந்தால் பிளக் நல்லது. நாலில் ஒன்றுக்குத்தான் எரிந்தது. சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கழற்றுவதுதான் பாடு. மூன்றாவது பிளக் கரி பிடித்து இறுகிப்போயிருந்தது. "முறிஞ்சா ஹெட்டை இறக்கணும்" என்று எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூட்டோடு மெல்ல மெல்லத் திருகி எடுத்தார். ஓட்டையில் இருந்த கரியையும் சுரண்டினார். ஒரு மணி நேர வேலை என்றவர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். பாதி தாமதம் பிளக்கால்தான்: காரைக்குடி ஸ்பேர்ஸ் கடைகளில் இல்லை, மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. பிளக் ஒன்று 350, நாலையும் மாற்றிவிட்டோம், கூலி 700.

இப்போது ஹீட்டரைப் போட்டுப் பத்து எண்ணிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒரே சுற்றில் பிடிக்கிறது. அம்பாசிடர் 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி என்பதால், ஐந்தாவதாக ஒரு பிளக் வாங்கி டேஷ்போர்டில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.