அலாஸ்கா: சூவர்ட் சாலையா, வால்டீஸ் சாலையா?

மலை, பனியாறு, கடல் மூன்றையும் ஒரே சாலைப் பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்று ஆங்கரேஜில் வந்து இறங்குகிறவர்களுக்கு இரண்டு வழிகள். தெற்கே சூவர்ட், கிழக்கே போய்ச் சுற்றி இறங்கும் வால்டீஸ். என் ஓட்டு வால்டீஸுக்கு. ஆனால் கையில் ஒரே நாள்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், சூவர்ட்.

சூவர்ட் 127 மைல், சுமார் 204 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் இரண்டரை மணி நேரம். நிற்காமல் ஓட்டத்தான் மனம் வராது. நகரத்தை விட்டதுமே வலப்பக்கம் டர்னகெய்ன் கடற்கழி, இடப்பக்கம் செங்குத்துப் பாறை. அண்ணாந்து பார்த்தால் விளிம்பில் வெள்ளை நிற டால் ஆடுகள். வற்றுநேரத்தில் தெரியும் சேற்றுத்திட்டில் மட்டும் காலை வைத்துவிடாதீர்கள். காலைக் கவ்விக்கொண்டால் விடாது, அடுத்த கடலேற்றம் வேகமாக வந்துவிடும். போர்ட்டேஜ் அருகே சாம்பல் நிறத்தில் பட்ட மரங்கள் நிற்கும். 1964 மார்ச் 27 அன்று வந்த 9.2 அளவிலான நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து, உப்புநீர் வேருக்குள் புகுந்து கொன்ற மரங்கள் அவை.

சூவர்ட்டுக்குச் சற்று முன் எக்ஸிட் பனியாறு. போகும் வழியெங்கும் ஆண்டு எழுதிய பலகைகள்: அந்த ஆண்டில் பனியின் விளிம்பு இங்கே இருந்தது என்று. 1917 பலகையைத் தாண்டி நடந்துகொண்டே இருக்கிறோம், பனி இன்னும் வரவில்லை. எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு உறைக்கும்படி சொன்னதில்லை.

வால்டீஸ் கிட்டத்தட்ட 300 மைல். ஆறு மணி நேரமாவது ஆகும். நூறு மைல் தாண்டியதும் மடனூஸ்கா பனியாறு சாலையிலிருந்தே தெரிகிறது. கிளென்னாலனில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்ப வேண்டும். அதன்பின் கொஞ்ச தூரம் ஊசியிலைக் காடும் எண்ணெய்க் குழாயும்தான். இந்த இடைவெளியைச் சலிப்பு என்பார்கள் சிலர். எனக்கோ அடுத்து வருவதற்கு அதுதான் அடித்தளம்.

வொர்திங்டன் பனியாறு சாலையோரத்திலேயே வந்து நிற்கிறது. காரை விட்டிறங்கிச் சில நிமிடம் நடந்தால் பனி வெடிப்புகளுக்குள் தேங்கிய நீலத்தைப் பார்க்கலாம். அதைத் தாண்டினால் 816 மீட்டர் உயரத்தில் தாம்ப்சன் கணவாய். 1952-53 குளிர்காலத்தில் இங்கே விழுந்த பனி 974 அங்குலம், அதாவது 24 மீட்டருக்கும் மேல். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றைச் சூகாச் மலைத்தொடர் மறிப்பதால் வருகிற பனி இது. பனியாறுகளுக்குத் தீனியும் இதுதான். காற்று மலையின் எந்தப் பக்கம் ஈரத்தைக் கொட்டுகிறது என்பதைச் சாலையே காட்டுகிறது. வந்த பக்கம் வறண்ட மெலிந்த காடு. கணவாயைத் தாண்டி இறங்கினால் அடர் பச்சை, கீஸ்டோன் பள்ளத்தாக்கில் சாலையை ஒட்டியே கொட்டும் அருவிகள், பிறகு கடல். எல்லாம் நாற்பது சொச்சம் கிலோமீட்டருக்குள். சூவர்ட் சாலை கடலை முதலிலேயே கொடுத்துவிடுகிறது; இங்கே மலையேறித்தான் கடலைச் சம்பாதிக்க வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு: ரிச்சர்ட்சன் மைல்கற்கள் இன்றைய வால்டீஸிலிருந்து எண்ணப்படுபவை அல்ல. அதே 1964 நிலநடுக்கத்தில் அழிந்த பழைய ஊரிலிருந்து எண்ணியவை. ஊர் இடம் மாறிவிட்டதால் நான்கு மைல் போல உதைக்கும்.

திமிங்கிலமும் கடல்சிங்கமும் பார்க்கப் படகேறுவதுதான் முதல் ஆசை என்றால் சூவர்ட்டே மேல். கெனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. குளிர்காலத்தில் வால்டீஸ் பக்கம் புதியவர்கள் காரோட்டிப் போக வேண்டாம். 2014 ஜனவரியில் பனிச்சரிவு கீஸ்டோனை அடைத்து, ஊருக்கான ஒரே சாலையைத் துண்டித்துவிட்டது.

இரண்டு மூன்று இரவு தங்க முடிந்தால் இரண்டையும் கோக்கலாம். வால்டீஸுக்குச் சாலையில் போய், அங்கிருந்து காரோடு கப்பலேறி விட்டியர் துறைமுகத்தில் இறங்கினால் சூவர்ட் சாலையைப் பிடித்துவிடலாம். கப்பல் எந்த நாள் ஓடுகிறது என்று பார்த்து முன்பதிவு செய்த பிறகே மற்றதைத் திட்டமிடுங்கள். விட்டியர் சுரங்கம் ஒரே தடம், ரயிலும் அதில்தான் போகும். உங்கள் திசைக்குத் திறக்கும் நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.