தூத்துக்குடி மக்ரூன்: மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டிய பண்டம்

போன மாதம் மூன்று விதமாக மக்ரூன் வாங்கினேன். கூரியரில் ஒரு தடவை, சென்னையில் ஒரு ஸ்வீட் கடையில் ஒரு தடவை, அப்புறம் தூத்துக்குடிக்கே போய். கடைசியாக வாங்கியதைத்தான் மக்ரூன் என்று சொல்வேன்.

முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான் இதில். மைதா கிடையாது. வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, கூம்பு கூம்பாக வைத்து, இளஞ்சூட்டில் மெதுவாக வேகவிடுவார்கள். நல்ல மக்ரூனின் நுனி சுழித்துக்கொண்டு நிற்கும். கடித்தால் 'நறுக்'கென்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் நாக்கில் கரைந்துவிடும், பல்லிடுக்கில் முந்திரி மட்டும் மிஞ்சும்.

கூரியர் பாக்கெட்டில் பாதி பொடியாகிக் கிடந்தது. ஸ்வீட் கடையில் வாங்கியது நமுத்துப் போயிருந்தது. ஈரக் காற்று பட்டால் மக்ரூன் அவ்வளவுதான், அதற்கு மேல் அதைக் காப்பாற்ற முடியாது.

அந்தப் பொடியைக் கையில் அள்ளியபோதுதான் மாமா என்ன பாடுபட்டிருப்பார் என்று உறைத்தது.

அம்மாவின் கடைசித் தம்பி. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வருவார். சட்டை கசங்கியிருக்கும், கண் சிவந்திருக்கும், ஆனால் பாக்கெட்டில் ஒரு நுனிகூட உடைந்திருக்காது. பெர்த்தில் வைத்தால் நொறுங்கிவிடும் என்று ராத்திரி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாராம். கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒன்று, தெருமுனை இஸ்திரிக்காரருக்கு ஒன்று, என் ஸ்கூல் தோழிக்கு ஒன்று என்று தனித்தனி பாக்கெட். இஸ்திரிக்காரரின் மகள் என்ன படிக்கிறாள் என்பதுகூட எங்களுக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். ரயிலில் பக்கத்து சீட் குழந்தைகளுக்கும் ஒரு பாக்கெட் போயிருக்கும். "எத்தன வாங்கின, எத்தன வீடு வந்துச்சு?" என்று அம்மா கேட்பாள். மாமா சிரிப்பார்.

என் உள்ளங்கையில் ஒன்றை வைத்து, "ஏட்டி, இறுக்கிப் பிடிக்காத. குருவிக்குஞ்சு மாதிரி பிடி" என்பார்.

2009 ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். 32 வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மக்ரூன் வாங்கவில்லை.

சரி, தூத்துக்குடி பேக்கரிக்கு வருகிறேன். அன்றைக்குச் சுட்டதா என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்துத் தருவதைவிட, கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டித் தருவது நல்லது. நான் வாங்கிய கடையில் கேட்டதும் பாக்கெட்டுகளை ஒரு டப்பாவில் அடுக்கிக் கொடுத்தார்கள், நடுவில் காகிதம் வைத்து. முந்திரி தாராளம், தித்திப்பு அளவு. முந்திரி விற்கிற விலைக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும், கொடுக்கலாம். வீட்டில் ஈரமில்லாத டப்பாவில் இறுக்கி மூடி வையுங்கள். மழைக்காலத்தில் மட்டும் ஊருக்கு அனுப்பச் சொல்லாதீர்கள்.

திரும்பும்போது நானும் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். விருதுநகர் தாண்டுவதற்குள் கால் மரத்துவிட்டது.

அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒன்றுகூட உடையவில்லை.

"எத்தன பாக்கெட் வாங்கின?"

"நாலு."

"மூணுதான இருக்கு?"

எதிர் சீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள் என்றேன். அம்மா அப்புறம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றை எடுத்து, நுனியை மட்டும் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.