வெஸ்ட் சிஸ்டம் 105 எபாக்சி: டர்பனின் ஈரக் காற்றில் ஒரு பழைய படகின் தளம்

1981-இல் கட்டப்பட்ட 26 அடிப் பாய்மரப் படகு ஒன்றை நானும் என் மைத்துனரும் பங்குக்கு வாங்கித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கட்டி வைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாங்கிய முதல் கோடையிலேயே முன்னறைப் படுக்கையின் மேல் மழைநீர் சொட்டியது. தடுப்புக் கம்பித் தூண்களின் அடியில் பழைய உரிமையாளர் பிதுக்கியிருந்த சிலிக்கோன் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினோம்; அடுத்த மழையில் மீண்டும் சொட்டியது. பக்கத்துப் படகின் பெரியவர் ஏறி வந்து, திருப்புளியின் கைப்பிடியால் தளத்தை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டக்' என்று கேட்ட ஒலி, தூணை நெருங்க நெருங்க 'தொப்' என்று மழுங்கியது. "தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரிதான் தம்பி, காது சொல்லிவிடும்" என்றார். அவருடைய தாத்தா சால்ஸ்பரி தீவில் குடியிருந்து இந்தத் துறைமுகத்தில் வலை இழுத்தவர். படகு விஷயத்தில் அவரோடு வாதாட எனக்குத் துணிவில்லை.

நோய் ஒழுகல் அன்று, அழுகல். அக்காலப் படகுகள் பலவற்றின் தளம், இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற எடை குறைந்த மரத்தை வைத்துக் கட்டப்பட்டது. போல்ட் துளை வழியே புகுந்த நீர் மரத்துண்டுகளுக்கிடையிலான இடுக்குகளில் பரவி, ஆண்டுக்கணக்கில் தங்கி, மரத்தை ஊறிய அவலாக்கிவிடுகிறது. மேலிருந்து சிறு துளைகளிட்டுப் பிசினை ஊற்றினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. ஈரம் குடித்த மரம் பிசினைக் குடிக்காது என்பதால் அந்த வழியை நான் ஏற்கவில்லை. மேல் தகட்டை 60-க்கு 40 சென்டிமீட்டர் அளவில் அறுத்தெடுத்து, அழுகியதை உளியால் வழித்துவிட்டுப் புது பால்சாவைப் பதித்து, கண்ணாடி இழைத் துணியால் மூடினோம். இந்த வேலை முழுவதற்கும் பயன்படுத்திய, இரண்டு திரவங்களைக் கலந்து இறுக வைக்கும் எபாக்சிப் பிசினைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

வெஸ்ட் சிஸ்டம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் படகு கட்டிவந்த கூஜன் சகோதரர்கள் உருவாக்கியது. 105 என்ற எண்ணுள்ள பிசின் ஒன்றுதான். அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர்தான் பல வகை. 205 வேகமானது, 206 மெதுவானது, 209 மிக மெதுவானது. 100 கிராம் கலவை 22 டிகிரி வெப்பத்தில் கோப்பைக்குள் இறுகத் தொடங்க 205-இல் 9 முதல் 12 நிமிடம், 206-இல் 20 முதல் 25 நிமிடம், 209-இல் 40 முதல் 50 நிமிடம் ஆகும் என்று நிறுவனம் குறிப்பிடுகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் ஊர் ஜனவரி வெயிலில் தளத்தின் மேல் நின்றுகொண்டு 205-ஐக் கலப்பவர், தூரிகையை எடுப்பதற்குள் கோப்பையில் கல்லைத்தான் காண்பார். முதல் நாள் நான் ஒரு தயிர் டப்பா நிறையக் கலந்துவிட்டுத் துணியை வெட்டப் போனேன். திரும்பி வந்தபோது டப்பா புகைந்து, அடி உருகிச் சாய்ந்திருந்தது. கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடு தேங்காது. வேலை செய்ய நேரமும் கிடைக்கும்.

ஆகவே டர்பனில் வாங்குபவர் பிசினைவிட ஹார்ட்னரைத் தேர்வதில்தான் அறிவைச் செலவிட வேண்டும். இங்கே குளிர்காலம்தான் மழை குறைந்த பருவம். அறுத்த தளம் காய்வதற்கு ஜூன், ஜூலையைவிட நல்ல மாதங்கள் இல்லை. ஆனால் பகலில் 22, 23 டிகிரி இருந்தாலும் இரவு 11, 12-க்கு இறங்கிவிடும். 206-க்குக் குறைந்தது 16 டிகிரியாவது வேண்டும். 205 ஐந்து டிகிரியிலும் இறுகும். எனவே காலையில் 206, பிற்பகலில் 205 என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். இரண்டும் ஒழுங்காக இறுகின.

209-இல் நான் பட்ட பாடு தனிக் கதை, பிழையும் முழுக்க என்னுடையது. 205-உம் 206-உம் ஐந்து பங்கு பிசினுக்கு ஒரு பங்கு. 209 மூன்று பங்குக்கு ஒரு பங்கு. ஒவ்வொரு விகிதத்துக்கும் தனித்தனி பம்புகள் விற்கிறார்கள். அதைப் படிக்காமல் பழைய பம்பையே 209 டப்பாவில் மாட்டிப் பெரிய பரப்பு ஒன்றைப் பூசிவிட்டேன். மூன்று நாள் கழித்தும் அது வெல்லப்பாகாகவே விரலில் ஒட்டியது. குறைந்த ஹார்ட்னரோடு கலந்தது எத்தனை நாள் காத்தாலும் சரியாக இறுகாது. அத்தனையையும் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, மறுபடி தொடங்க இரண்டு வார இறுதிகள் போயின. அதன் பிறகு சிறு அளவுகளுக்குப் பம்பையே தொடுவதில்லை. ஐந்துக்கு ஒன்று என்பது எடையிலும் ஏறத்தாழ அதுவே என்பதால், வீட்டில் மசாலா நிறுக்கும் தராசு ஒன்றைப் படகுக்குக் கொண்டுபோய்விட்டேன். என் மனைவி புதியது வாங்கிக்கொண்டார்.

ஈரக் காற்று தரும் தொல்லை இன்னொன்று. 205, 206 இறுகியபின் மேலே மெழுகு போன்ற வழுவழுப்பான படலம் படியும். அதை உப்புத்தாளால் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்வதோடு, படலம் மேற்பரப்பு முழுக்கத் தேய்ந்து பரவி அடுத்த பூச்சைப் பிடிக்கவிடாது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். கழுவித் துடைத்தபின்தான் உப்புத்தாள். கையுறை இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எபாக்சி பக்கமே போக முடியாமலாகலாம்.

இந்தப் பிசினுக்காக நான் மனமாரப் பாராட்டுவது, பொடி கலந்து பதத்தை நாமே முடிவு செய்ய முடிவதைத்தான். தோசை மாவுப் பதம் துணியை ஒட்ட, இட்லி மாவுப் பதம் பால்சாவைப் பதிக்க, வடை மாவுப் பதம் போல்ட் துளைகளுக்கு. தூண் போல்ட்டுகளின் துளைகளை இருமடங்கு அகலமாக்கி, வளைத்த ஆணியால் சுற்றிலும் மரத்தை வழித்தெடுத்து, முதலில் பொடி கலக்காத பிசினைத் தடவி, பிறகு கெட்டிப்படுத்தும் 404 பொடி கலந்த கெட்டிக் கலவையை அடைத்தோம். இறுகியதும் அதன் நடுவே புதுத் துளை. இனி போல்ட் ஒழுகினாலும் நீர் தொடுவது எபாக்சியை, மரத்தை அன்று.

குறை என்றால் விலைதான். இறக்குமதிச் சரக்கு, பாலியஸ்டர் ரெசினைவிடப் பல மடங்கு கூடுதல். மேல் கீறல்களுக்கும் ஜெல்கோட் என்ற மேற்பூச்சின் சில்லுகளுக்கும் இதை வாங்குவது வீண் செலவு. பழைய ஃபைபர்கிளாஸிலும் மரத்திலும் புதிதாக ஒட்ட வேண்டிய இடத்தில் பாலியஸ்டரின் பிடிப்பு குறைவு. அங்கே இந்தச் செலவு தகும். வெயில் பட்டால் எபாக்சி சிதைவதால் மேலே பெயிண்ட் கட்டாயம். 50 டிகிரியை நெருங்கும்போது எபாக்சி இளகத் தொடங்குமென்பதால் அந்தப் பெயிண்ட் வெள்ளையாக இருப்பது நல்லது. எங்களைப் போன்ற சிறு படகுக்காரர்கள் 206-ஐப் பெரிய டப்பாவும் 205-ஐச் சிறிய டப்பாவும் வாங்கலாம்; 209-ஐ, படகின் அடிப்பகுதி முழுவதையும் கோடையில் பூசுபவர்களுக்கு விட்டுவிடலாம்.

இரண்டு கோடைகள் போய்விட்டன. அந்தத் தூண்களின் கீழே படுக்கை உலர்ந்தே இருக்கிறது. இப்போது ஒழுகுவது இடதுபுற ஜன்னலின் ஓரம். அதற்கு எபாக்சி தேவையில்லை. ஒழுகலை அடைக்கும் ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப் ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன்.