மும்பை ஜன் ஔஷதி கடைகள்: கல்லீரல் நோயாளிக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து நம்மவர்கள், அரசுத் திட்டத்தின் மலிவு விலை மருந்துக் கடையான ஜன் ஔஷதி கேந்திராவுக்குப் போவது விலைக்காகத்தான். அதில் குறையொன்றும் இல்லை. மாதாமாதம் நீர் மாத்திரையும் லாக்டுலோஸ் சிரப்பும் வாங்குகிற வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) உள்ளவருக்கு விலையைவிட முக்கியமான லாபம் ஒன்று இந்தக் கடையில் இருக்கிறது. அட்டையில் அச்சாகியிருப்பதே மருந்தின் பெயர்தான்.

மூட்டுவலிக்கு விற்கும் பிராண்ட் அட்டை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் கொட்டை எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். பின்னால் பொடி எழுத்தில் ‘அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.’ என்று இருக்கும். இதில் நாளைக்கு இரண்டு போட்டால் பாராசிட்டமால் 650 மி.கி. சளி மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 இருந்து, மூன்று வேளை போட்டால் 1500. ராத்திரி காய்ச்சலுக்கு ஒரு 650. ஆக மொத்தம் 2800. கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்குப் பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் உச்சம் நாளைக்கு 2000, அதாவது 500 மி.கி. மாத்திரை நான்கு, ஆறு மணி நேர இடைவெளியில். சரியாகச் சாப்பிடாதவருக்கும் குடிப்பவருக்கும் அதிலும் குறைவு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாராசிட்டமாலிலிருந்து உண்டாகும் நச்சை முறிக்கும் குளூட்டதயோன் அவர்கள் உடம்பில் ஏற்கெனவே குறைந்திருக்கும். பெயர் பெரிதாகத் தெரிந்தால் இந்தக் கூட்டலை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. பாராசிட்டமால் கல்லீரலுக்கு ஆகாது என்று பயந்து டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் போகிறார்கள். அதுதான் ஆபத்து. வயிற்றில் நீர் கோத்தவருக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டமே, உடம்பில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நம்பி நடக்கிறது. இந்த மாத்திரைகள் அதைத் தடுப்பதால் சிறுநீர் குறையும், நீர் மாத்திரை வேலை செய்யாது, உணவுக்குழாய் நாளம் புடைத்திருந்தால் ரத்தக்கசிவுக்கும் வாய்ப்பு கூடும். அளவு மீறாத பாராசிட்டமால்தான் இவர்களுக்கு முதல் தேர்வு.

இனி இந்தக் கடைகளில் கவனிக்க வேண்டியவை. எல்லா மருந்தும் எல்லா கேந்திராவிலும் எப்போதும் இருக்காது. ஜன் ஔஷதி சுகம் செயலியில் பக்கத்துக் கேந்திராவைக் கண்டுபிடித்து, மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம். ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையை வாங்கும்போது கூடுதல் நிதானம் வேண்டும். டாக்டர் எழுதியது 100 மி.கி.யாக இருந்து, கையில் கிடைத்தது 25 என்றால் நான்கு மாத்திரை. அடுத்த மாதம் 100 மி.கி. அட்டை கிடைத்தும் பழக்கத்தில் நான்கு போட்டால் 400. பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடம் மாறலாம். வாங்கின அன்றே அட்டையின் மேல் மார்க்கர் பேனாவால், 100 மி.கி. என்றால் ‘காலை 1’, 25 என்றால் ‘காலை 4’ என்று தமிழில் எழுதிவிடுங்கள். உப்பைக் குறைக்கிறோம் என்று மளிகைக் கடையிலிருந்து ‘லோ சோடியம்’ உப்பு வாங்கி வருபவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பாதிக்குப் பாதி பொட்டாசியம் குளோரைடுகூட இருக்கலாம்.

லாக்டுலோஸ் வாங்கும்போது அளவு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். மலச்சிக்கல் தீர்ந்ததும் நிறுத்திவிடும் மருந்தல்ல அது. குடலில் அம்மோனியா தங்கி மூளை குழம்பாமல் காப்பது. நாளைக்கு 2, 3 முறை இளகிப் போகும்படி அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஐந்தாறு முறை போனால் உடம்பில் நீர் வற்றி, அதுவே குழப்பத்தைக் கொண்டுவரும். தூக்க மாத்திரையும் கோடீன் சேர்ந்த இருமல் மருந்தும் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

கடைக்காரர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பார். உங்கள் ஈரலின் நிலை அவருக்குத் தெரியாது. மொத்த மருந்துப் பட்டியலையும் கடைசி ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, ‘கல்லீரல் சுருக்கம் இருக்கிறது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இந்தியோ மராத்தியோ வராத பெரியவர்கள் அந்த ஒரு வரியை எழுதிக் கொண்டுபோனாலும் போதும்.

இந்த மருந்துகளோடு சீந்தில் (கிலோய்) என்ற மூலிகைப் பொடியையும் வேறு கடையில் வாங்கிச் சாப்பிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2020 கடைசி மாதங்களில் இதே மும்பையில், சீந்தில் சாப்பிட்ட பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மருத்துவர்கள் 2021இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் எப்படி முடிந்தாலும், ஏற்கெனவே சுருங்கிய ஈரலை வைத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.