லேப்டாப் கீபோர்டு: தனியாக மாற்றுவதா, மேல்மூடியோடு மாற்றுவதா?

டீ கொட்டியோ, திருப்பூர்ப் பக்கத்துப் பஞ்சுத்தூசி அடைத்தோ கீபோர்டு போய்விட்டால் வழி இரண்டு: கீபோர்டை மட்டும் மாற்றலாம், அல்லது அது பதிந்திருக்கும் மேல்மூடியோடு (திரை மூடி அல்ல, தட்டும்போது கை வைக்கும் பகுதி) மாற்றலாம். எது என்பதை உங்கள் மாடல்தான் முடிவு செய்யும்.

பழைய திங்க்பேட் போன்றவற்றில் அடியில் சில ஸ்குரூக்களைக் கழற்றினால் கீபோர்டு மேலே வந்துவிடும். தனிக் கீபோர்டே போதுங்க. மெல்லிய மாடல்கள் பலவற்றில் அது மேல்மூடியோடு பிளாஸ்டிக் குமிழ்களால் உருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். குமிழ்களை ஒவ்வொன்றாகச் சீவி, புதியதை வைத்து, சால்டரிங் அயர்னால் மறுபடி உருக்க வேண்டும். சரியாகப் பிடிக்காத இடம் தட்டும்போது பள்ளமாக அமுங்கும். சூடு கூடினால் மூடியின் மேல்பக்கம் தழும்பாகும்.

கீபோர்டு பொருத்தியே வரும் மேல்மூடிக்கு விலை அதிகம். பேட்டரி, மதர்போர்டு, ஃபேன், கீல் எல்லாம் இடம் மாற வேண்டும். ஆனால் எல்லாமே ஸ்குரூ வேலை, தவறினால் திருப்பிச் செய்யலாம். குமிழ் வகைக்கு இதுவே நல்லது. ஸ்குரூக்களை நீளவாரியாகப் பிரித்து வையுங்க. நீளமானது இடம் மாறினால் மூடியைத் துளைத்துவிடும்.

எதுவானாலும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்க. கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளின் பூட்டைத் திறக்காமல் இழுத்தால் மதர்போர்டில் உள்ள சாக்கெட்டே உடையும். கோவைக் கடைகளில் கேட்கும்முன் பழைய கீபோர்டின் பின்புற ஸ்டிக்கர் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்க. ஒரே மாடல் பெயரிலேயே பேக்லைட் உள்ளது, இல்லாதது என இரண்டு வரும்.